ரங்கூனிலிருந்து திரும்பியதாகத் தீர்மானிக்கப்பட்டவர்

ஒரு நாவலின் கடைசிப் பக்கத்தில் கதாநாயகி செத்துப் போய்விட்டாள் என்பதற்காக இரண்டு வேளை சாப்பாட்டை விட்ட ரிட்டயர்டு சப்-ஜட்ஜ் உலகத்திலேயே ஒருத்தர்தான் இருந்திருப்பார். அவர் மயிலாப்பூரில், தெற்கு மாட வீதியில் குடியிருந்தார். பெயர் ராவ் பகதூர் சுவாமிநாதன். உத்தியோகத்தில் இருந்த காலத்தில் எத்தனையோ பேருடைய வீட்டையும் வயலையும் ஏலத்துக்கு அனுப்பிவிட்டு, ராத்திரி நிம்மதியாக ரசஞ்சாதம் பிசைந்து சாப்பிட்ட மனுஷர். ஆனால் அச்சடித்த காகிதத்தில் ஒரு பெண் இருமி இருமிச் சாவதை அவரால் தாங்க முடியவில்லை. அவ்வளவு இளகின மனசு.

மூன்றாம் வேளை மோர்சாதம் சாப்பிடும்போது அவருக்கு ஒரு யோசனை உதித்தது. ராமாயணம் வாசிக்கிறவர்கள், ராமர் காட்டுக்குப் போகிற இடத்தில் புஸ்தகத்தை மூடிவிட்டு எழுந்திருக்கிறார்களா? இல்லையே! நேரமாகிவிட்டாலும் இன்னும் கொஞ்சம் வாசித்து, நல்லதாக ஓர் இடம் வந்த பிறகுதான் நிறுத்துகிறார்கள். கடைசியில் பட்டாபிஷேகம் உண்டு, மங்களம் உண்டு, கற்பூரம் உண்டு, சுண்டல் உண்டு. இந்த நாவல் எழுதுகிற பயல்களுக்கு மட்டும் எதற்காக விதிவிலக்கு?

இப்படித்தான் 'ஸ்ரீ சுபாந்த வாசக சபை' பிறந்தது. சுபாந்தம் என்றால் சுபமான முடிவு. அது யுத்த காலம். வெளியே ரேஷன் கடை வரிசை, மண்ணெண்ணெய்க்கு அடிதடி, காகிதத்துக்குக் கட்டுப்பாடு. சபைக்குள்ளே எல்லாம் சுபம்.

சபையின் நூல்நிலையத்துக்கு வருகிற ஒவ்வொரு நாவலையும் முடிவுக் கமிட்டி என்று ஒன்று பரிசீலிக்கும். முதலிலிருந்து படிக்காது, அதற்கெல்லாம் பெரிய மனுஷர்களுக்கு நேரம் ஏது? கடைசி அத்தியாயத்தை மட்டும் படிக்கும். அதில் யாராவது செத்திருந்தாலோ, ஓடிப்போயிருந்தாலோ, கல்யாணம் நின்று போயிருந்தாலோ அந்த அத்தியாயத்தைக் கத்தரித்துவிட்டு, சபை தானே எழுதி அச்சடித்த புது அத்தியாயத்தை வைத்துத் தைத்துவிடும். கதாநாயகி சாகவே கூடாது என்று சபை சொல்லவில்லை. சாகலாம். கடைசி அத்தியாயத்துக்குள் பிழைத்து எழுந்துவிட வேண்டும், அவ்வளவுதான். இங்கிலீஷ் நாவல் ஒன்றில் நடுக்கடலில் முழுகிப் போன கப்பல் தலைவனை நொச்சிக்குப்பத்து மீனவர்கள் கட்டுமரத்தில் தூக்கிப் போட்டுக் கரை சேர்த்தார்கள். அவன் ஈரத்துணியோடு கபாலி கோயிலுக்கு வந்து அர்ச்சனை செய்தான். எந்த நட்சத்திரத்துக்கு அர்ச்சனை என்பதில் மட்டும் கமிட்டிக்குள் அபிப்பிராய பேதம் இருந்தது.

ஒரு நாவலை இப்படிச் சுபமாக்கியதும் விழா எடுப்பார்கள். ஹார்மோனியம் வைத்து மங்களம் பாடி, புஸ்தகத்துக்கு ஆரத்தி சுற்றுவார்கள். ஆரத்தி எடுத்த புஸ்தகத்தைப் பற்றி அதற்கப்புறம் யாரும் வாய் திறக்கக் கூடாது. இது சபையின் சம்பிரதாயம்.

இந்தச் சபையிடம்தான் வேம்பு போய் மாட்டிக்கொண்டான்.

வேம்பு ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குமாஸ்தா. மயிலாப்பூர் சித்திரக்குளத்துப் பக்கம் ஒண்டுக் குடித்தனம். சாது, வாயில்லாப் பூச்சி. அப்படிப்பட்டவன் ஒரு நாவல் எழுதிவிட்டான். 'ரங்கூன் தபால்' என்று பெயர். அதில் அவன் கற்பனை எதுவும் கிடையாது. கதை முழுக்க அவன் அக்கா ஜெயலக்ஷ்மியின் கதை.

ஜெயலக்ஷ்மியின் புருஷன் பஞ்சாபகேசன் ரங்கூனில் ஒரு மரக் கம்பெனியில் கணக்கராக இருந்தான். அங்கே குண்டு விழுந்தபோது ஊரே காட்டு வழியாகக் கால்நடையாகப் புறப்பட்டது. அவனும் புறப்பட்டான். வழியில் ஓர் ஆற்றங்கரையில் அவனைப் பார்த்ததாக, வந்து சேர்ந்த ஒருத்தர் சொன்னார். அதற்கப்புறம் தகவலே இல்லை. இரண்டு வருஷமாகத் தெருவில் பார்க்கிறவர்களெல்லாம் "வந்துடுவார்டி, கவலைப்படாதே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் தினம் வாசலில் நின்று தபால்காரரைக் கேட்பாள். பிறகு ஒருநாள் கேட்பதை நிறுத்தினாள். ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுக்கிற வேலையில் சேர்ந்தாள். ஆதரவற்ற ஸ்திரீ என்று இரங்கி அந்த வேலையைக் கொடுத்தது பள்ளிக்கூடத்து கரெஸ்பாண்டெண்ட். அது யார் என்று கேட்கிறீர்களா? நம்முடைய ராவ் பகதூர் சுவாமிநாதனேதான்.

அந்த வேலை இருந்ததால்தான் தம்பி ஆத்தில் தங்கியிருந்தும் அவள் தலைகுனியாமல் சாப்பிட்டாள். தன் அரிசிக்குத் தானே கொடுத்தாள். வேம்புவின் மனைவி முகம் சுளிக்க இடம் வைக்கவில்லை.

நாவலின் கடைசி அத்தியாயத்தில் கதாநாயகி விசாலம் குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறாள். எதிரே தபால்காரர் வருகிறார். அவள் அவரை ஒன்றும் கேட்காமல் போகிறாள். கதை அங்கே முடிகிறது.

அதைப் படித்த ஜெயலக்ஷ்மி காகிதங்களை அடுக்கி அவன் கையில் கொடுத்தாள். அப்புறம் சொன்னாள்:

"எல்லாரும் எங்கிட்ட வந்துடுவார் வந்துடுவார்னு பொய் சொல்லிண்டே இருக்கா. நீ ஒருத்தன்தான்டா சொல்லலை. இதை மாத்திடாதே, வேம்பு."

"மாத்தவே மாட்டேன் அக்கா" என்றான் வேம்பு. சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்துதான் சொன்னான்.

கடனோ உடனோ வாங்கி அச்சும் போட்டாயிற்று. விற்கத்தான் வழியில்லை. அப்போது சபையின் செயலாளர் அம்பி அவனைத் தேடி வந்தார். தலை முழுக்க நரைத்தும் ஊருக்கு அவர் அம்பிதான். "சபை மெம்பர் ஒவ்வொருத்தருக்கும் ஒரு காப்பி வாங்கறதா உத்தேசம். கமிட்டி உம்மை நேர்ல பார்க்கணும்கறது. சால்வை உண்டு, 'சுபாந்த சிரோன்மணி'ன்னு பட்டம் உண்டு" என்றார்.

பட்டம் என்றதும் வேம்புவுக்குக் காது மடல் சூடானது. போனான்.

கமிட்டி ஊஞ்சல் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. ராவ் பகதூர், அம்பி, ஒரு டாக்டர், ஒரு ஜோஸ்யர். எல்லார் மடியிலும் 'ரங்கூன் தபால்' கடைசி அத்தியாயத்தில் திறந்திருந்தது.

"உம்ம கதாநாயகன் ஏன் ஸார் வரலை?" என்று ராவ் பகதூர் ஆரம்பித்தார்.

"நிஜத்துல வரலை ஸார்."

"நிஜத்தை இங்கே யார் கேட்டா? நிஜம்தான் அவாவா ஆத்துலயே இருக்கே, அதுக்கு எதுக்கு ஒரு லைப்ரரி?"

கமிட்டி தலையாட்டியது. ராவ் பகதூர் தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பிரசங்கம் வருகிறது என்று அர்த்தம்.

"நான் எத்தனையோ கேஸ்ல தீர்ப்புச் சொல்லியிருக்கேன். ஒண்ணுலயாவது எனக்கு மனசு சங்கடப்பட்டதுண்டா? கிடையாது. ஏன்? தீர்ப்பை வாசிச்சதும் வண்டியேறி ஆத்துக்கு வந்துடுவேன். கட்சிக்காரன் அப்புறம் என்ன ஆனான்னு திரும்பிப் பார்த்ததில்லை. முடிவுங்கறது நாம எழுந்து போற இடம் ஸார். இந்த நாவலாசிரியர்கள் என்ன பண்றா? நாம எழுந்து போன அப்புறமும் பின்னாலயே ஓடிவந்து, அவன் என்ன ஆனான், அவ என்ன ஆனான்னு சொல்றா. இதுக்குப் பேர் இலக்கியமா? இது மரியாதையில்லாத்தனம்!"

"வாஸ்தவம்" என்றார் டாக்டர்.

"ஆகையினாலே கதாநாயகன் திரும்பி வரணும், அதை நீரே எழுதிக் கொடுக்கணும். எப்போ வரலாம், ஜோஸ்யரே?"

"தை பிறக்கட்டும். செவ்வாய்க்கிழமை வேண்டாம்" என்றார் ஜோஸ்யர்.

"ஆரோக்கியமா வரணும். கொஞ்சம் பூசினாப்பல இருக்கட்டும்" என்றார் டாக்டர்.

"காட்டு வழியா, சோறு தண்ணி இல்லாம நடந்து வரவர் ஸார்" என்றான் வேம்பு, ஈன சுரத்தில்.

"அதெல்லாம் நடுவுல. கடைசி அத்தியாயத்துல பூசினாப்பல இருக்கணும். கையில ஒரு பட்டுப்புடவை" என்றார் ராவ் பகதூர்.

"பட்டுப்புடவையா? அது எப்படி ஸார் காட்டுல..."

"பின்னே வெறுங்கையோடயா வருவான்? எத்தனை நாள் கழிச்சுப் பெண்டாட்டியைப் பார்க்கறான்! என்ன மனுஷன்யா உம்ம கதாநாயகன்?" ராவ் பகதூருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

வேம்பு அக்காவை நினைத்தான். பட்டத்தையும் நினைத்தான். அச்சாபீஸ்காரர் முகத்தையும் நினைத்தான். "சரி ஸார்" என்று சொல்லிவிட்டான். சொன்ன கணமே, சந்தையில் பெற்ற தாயை விலை பேசிவிட்டவனைப் போலக் கூசிப்போனான். ஆனால் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. கூச்சம் வேறு, தைரியம் வேறு அல்லவா?

புது அத்தியாயத்தை ஆபீஸ் மேஜையிலேயே எழுதினான். ஆத்தில் எழுதினால் அக்கா பார்த்துவிடுவாள். தை பிறந்தது. கதாநாயகன் பூசினாற்போல வந்தான். பட்டுப்புடவை கத்தரிப்பூ நிறம். விசாலம் வாசலில் கோலத்தை மிதித்துக்கொண்டு ஓடினாள். எழுதி முடித்ததும் வேம்பு குழாயடியில் போய்க் கையைக் கழுவினான். மைக்கறை போயிற்று.

பழைய அத்தியாயத்தைக் கத்தரித்துப் புதியதைத் தைக்கிற வேலை ராயப்பேட்டை ஹபீபுர் ரஹ்மானுடையது. சபையின் பைண்டிங் எல்லாம் அவரிடம்தான். ஒரு சனிக்கிழமை மத்தியானம் வேம்பு அவர் கடைக்குப் போனான். கத்தரித்துப் போட்ட தன்னுடைய அத்தியாயத்தில் ஒரு பிரதியாவது கைக்குக் கிடைத்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

"வாங்கோ சார், வாங்கோ. ஆனா உங்க கடேசி ஒண்ணு கூட இல்லியே! எல்லாம் பூட்ச்சு" என்றார் ஹபீபுர் ரஹ்மான்.

"எரிச்சுட்டேளா பாய்?"

"எரிக்கத்தான் சொன்னாங்கோ. எங்க எரிக்க வுட்டாங்கோ? காலைல சபையில குந்திக்கினு 'கத்திரி'ன்னு சொல்றாங்கோ. சாயங்காலம் ஒவ்வொருத்தரா இங்க வந்து, 'பாய், அந்தக் கடேசி கீதா'ன்னு காதுல கேக்குறாங்கோ. நம்ம வூட்ல ஜைதூன் பீக்கு நேத்து படிச்சுக் காட்னேன். சோத்தைக் கூட வெக்காம அழுதுக்கினு உக்காந்துட்டா. நான் பட்டினி. இந்த மாதிரி எழுதுனா நாங்க இன்னா சார் பண்றது?"

வேம்புவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்போதுதான் காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் யாரோ மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தான். அம்பி! ஸ்டூலில் குந்தியிருந்தார். கையில் கத்தரித்த அத்தியாயம், கண் இரண்டும் சிவந்து கிடந்தன.

"பேப்பர் தூசி" என்றார் அம்பி. பிறகு, "கத்தரிச்சது சரியா இருக்கான்னு செயலாளர் வெரிஃபை பண்ண வேண்டாமா?" என்றார். பிறகு அதுவும் நிற்காமல் உடைந்து போனார். "அந்தத் தபால்காரனைக் கேக்காம போறாளே, ஏன்யா அப்படி எழுதினீர்? என் ஆத்துக்காரி போனப்போ கூட நான் இப்படி அழலை. பத்து நாள் காரியம், வந்தவா போனவான்னு ஓடிடுத்து. இப்போதான் அழறேன்."

"அப்போ இதையே வெச்சுடலாமே மாமா? கமிட்டில ஒரு வார்த்தை சொல்லுங்கோளேன்."

அம்பி துணுக்குற்றார். "சேச்சே! சபை முடிவைப் படிச்சா உடனே தூக்கம் வரது. இதைப் படிச்சா வரமாட்டேங்கறது. மெம்பர்கள் தூங்கவேண்டியவா. பெரிய பெரிய உத்தியோகத்துல இருக்கா" என்று சொல்லிவிட்டு அத்தியாயத்தை மடித்து வேஷ்டி மடிப்பில் செருகிக்கொண்டு போனார்.

விழா லஸ்ஸில் ஒரு கல்யாணக் கூடத்தில் நடந்தது. அக்காவிடம் வேம்பு, "ஆபீஸ்ல ஓவர்டைம்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். ஹார்மோனியம், பன்னீர், சந்தனம் எல்லாம் குறைவில்லாமல் இருந்தன. சால்வையைப் போர்த்தினார்கள். சித்திரை மாதத்து வெயிலில் அது ஒரு தண்டனை. ராவ் பகதூர் எழுந்தார்.

"நம்ம வேம்புவோட நாவல் வெறும் கதை இல்லைங்கற விஷயம் நம்ம அம்பி மூலமா சபைக்குத் தெரிய வந்திருக்கு. அவரோட சொந்தத் தமக்கையோட சரித்திரமாம் இது! என்ன ஆனந்தம்! இந்தச் சபை இதுவரை காகிதத்துல இருக்கறவாளைத்தான் வாழவெச்சுது. முதல் முதலா உசிரோட இருக்கற ஒரு ஜீவனுக்குச் சுபம் பண்ணற பாக்கியம் கிடைச்சிருக்கு. ஆகவே ஒரு தீர்மானம் கொண்டு வரேன்."

அம்பி படித்தார்: "மேற்படி கதாநாயகியான சௌபாக்கியவதி ஜெயலக்ஷ்மி அம்மாளின் கணவர் ரங்கூனிலிருந்து க்ஷேமமாகத் திரும்பி வந்துவிட்டதாக இச்சபை தீர்மானித்து, தன் மகிழ்ச்சியைத் தெரிவித்துக்கொள்கிறது."

கூடம் முழுக்கக் கைகள் எழும்பின. வேம்புவின் கை எழும்பவில்லை. 'ஐயோ வேண்டாம்' என்று வாயும் எழும்பவில்லை. சால்வைக்குள்ளே வியர்த்துக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், கட்டையாட்டம். மங்களம் பாடினார்கள். ஆரத்தி சுற்றினார்கள். பஞ்சாபகேசன் வந்து சேர்ந்தான்.

வந்து சேர்ந்தவனைப் பற்றி ஊரில் பேச்சுக் கிளம்பியது. காய்கறிக்காரி அம்மாசி ஜெயலக்ஷ்மியிடம், "இன்னாம்மா, ஐயா வந்துட்டாராமே, ஒரு வார்த்தை சொல்லல? முருங்கக்கா எடுத்துக்கினு போ, காசு வாணாம்" என்றாள். ரேஷன் கடையில், "வீட்டுல ஒரு ஆள் கூடியிருக்கறதை மறைக்கிறீங்கன்னு புகார் வந்திருக்கே?" என்றார்கள். ஜெயலக்ஷ்மி ஒன்றும் புரியாமல் விழித்தாள். அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை அவளைக் கூப்பிட்டு, கரெஸ்பாண்டெண்ட் உத்தரவை வாசித்துக் காட்டினாள். கணவர் திரும்பி வந்து ஆதரவு கிடைத்துவிட்டபடியால், ஆதரவற்ற ஸ்திரீகளுக்கான இந்த வேலை இனிமேல் அவளுக்குத் தேவைப்படாது. தம்பதிகளுக்கு நிர்வாகத்தின் ஆசீர்வாதம்.

அன்று சாயங்காலம் வேம்பு ஆபீஸிலிருந்து வந்தபோது அவள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சபை பைண்டு பண்ணின 'ரங்கூன் தபால்'. யாரோ பக்கத்தாத்து மாமி சந்தோஷமாகக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள்.

"நீயா எழுதினே?" என்று கேட்டாள்.

வேம்பு சட்டையைக் கூடக் கழற்றாமல் நின்றான். "ஆமாம் அக்கா."

"யாராவது மிரட்டினாளா?"

"இல்லை."

"பின்னே?"

"சால்வை போட்டா" என்றான் வேம்பு. சொல்லும்போதே செத்துப் போய்விடலாம் போல இருந்தது.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"வேலை போனது போகட்டும். வேற தேடிக்கலாம். அதைக் கூட மன்னிச்சுடுவேன்டா. இதைப் படிச்சேன் பாரு... அவர் தெருமுனையில திரும்பி வரார்னு எழுதியிருக்கே இல்லையா? அந்த இடத்துல ஒரு நிமிஷம் நம்பிட்டேன். நானே, வேம்பு! எழுந்து போய் வாசல்ல நின்னு பார்த்தேன். தெருமுனை வரைக்கும் பார்த்தேன். இத்தனை நாளா பல்லைக் கடிச்சுண்டு நிறுத்தி வெச்சிருந்தேனே, அதை மறுபடி ஆரம்பிச்சு வெச்சுட்டியே. அதைத்தான் என்னால பொறுத்துக்க முடியலை."

வேம்பு சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதான். அவன் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, இனிமேல் அரிசி எவ்வளவு போட வேண்டும் என்று யோசிக்கிற முகத்தோடு உள்ளே போனாள். ஜெயலக்ஷ்மி அந்த முகத்தைப் பார்த்தாள். அவள் பார்த்ததை வேம்புவும் பார்த்தான்.

சபையின் பொதுக்கூட்டத்துக்கு அவன் சால்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனான். வாழ்நாளில் முதல் தடவையாக நாலு பேர் நடுவில் எழுந்து நின்றான்.

"எங்க அத்திம்பேர் வரலை. தீர்மானத்தை ரத்து பண்ணுங்கோ. அக்காவுக்கு வேலை போயிடுத்து" என்றான்.

ராவ் பகதூர் மிகவும் அன்பாகச் சிரித்தார். "வரலைங்கறதுக்கு ஆதாரம்?"

"வரலையே ஸார்! ஆத்துல வந்து பாருங்கோ, இல்லையே!"

"இல்லாததைப் போய் எப்படி ஐயா பார்க்கறது? கோர்ட்ல நிக்குமா இது? எங்க பக்கம் ஆதாரம் இருக்கு. வந்தார்னு நீரே உம்ம கையால எழுதியிருக்கீர்."

"பொய் எழுதினேன் ஸார்."

"அப்படியா? அப்போ வரலைன்னு முதல்ல எழுதினீரே, அதுவும் பொய்யா இருக்கலாமே? பொய் சொல்றவன் சாட்சியத்தை நான் என் சர்வீஸ்ல ஏத்துண்டதே இல்லை."

சபை ரசித்தது. ஜோஸ்யர் பேஷ் என்றார். வேம்புவுக்கு எங்கிருந்து வந்ததோ ஓர் ஆவேசம், கூடத்தைச் சுற்றிப் பார்த்தான்.

"நான் நிஜமா எழுதின அத்தியாயத்தைப் பாய் கடையில போய்த் திருட்டுத்தனமா வாங்கிப் படிச்சேளே எல்லாரும், படிச்சுட்டு அழுதேளே! உங்க எல்லாருக்கும் தெரியும் அவர் வரலைன்னு. அதைப் படிக்காதவா யாராவது இருந்தா இப்போ கை தூக்குங்கோ, பார்க்கலாம்!"

டாக்டர் தரை ஜமக்காளத்தை ஆராய்ந்தார். அம்பி வேஷ்டி மடிப்பைக் கையால் மூடிக்கொண்டார். பெண்கள் பக்கத்தில் ஒரு மாமி விசும்பினாள். ஒருத்தர் கையும் மேலே எழும்பவில்லை. 'அப்பாடா, ஜெயித்துவிட்டோம்' என்று வேம்பு நினைத்தான், பாவம்.

ராவ் பகதூர் கூடத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிதானமாகப் பார்த்தார்.

"கை தூக்கினவர் ஒருத்தரும் இல்லை. ஆகவே திருத்தத்துக்கு ஆதரவு இல்லைன்னு ஆகறது. பழைய தீர்மானம் ஏகமனதா உறுதி செய்யப்படறது. அம்பி, மங்களம்!"

ஹார்மோனியம் எழும்பியது. வேம்பு சால்வையை நீட்டினான். யாரும் வாங்கிக்கொள்ளவில்லை, திரும்பக் கொடுக்க விதியில் இடமில்லையாம். மடித்துக் கதவோரம் வைத்துவிட்டு வந்தான். பின்னாலேயே யாரோ ஓடிவந்து, மறந்துவிட்டீர்கள் என்று அதை அவன் தோளில் போட்டுவிட்டுப் போனார்கள்.

பள்ளிக்கூடத்தில் அந்தக் கணக்கு வாத்தியார் வேலை ராவ் பகதூரின் மருமகளுக்குப் போயிற்று. அவளுடைய புருஷன் எந்தக் காலத்திலும் ஊரைவிட்டு எங்கும் போனதில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை வேளை, வேம்புவும் ஜெயலக்ஷ்மியும் லஸ் முனையில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். மாம்பலத்தில் இரண்டு குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க யாரோ ஆள் தேடுவதாகத் தகவல் வந்திருந்தது. அந்த ஆத்தில் இப்போதெல்லாம் பேச்சே குறைவு.

கோயில் பிரசாதத்தோடு வந்துகொண்டிருந்த ராவ் பகதூர், வேம்புவைப் பார்த்ததும் நின்றார். சபைக்காரர்கள் யாராவது கண்ணில் படுகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். ஜெயலக்ஷ்மியை அவர் பார்த்ததில்லை. கரெஸ்பாண்டெண்ட் வாத்தியாரம்மாக்களின் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போடுவாரே தவிர, முகத்தைப் பார்க்கிற வழக்கம் கிடையாது.

"வேம்பு, சபையில நடந்ததை மனசுல வெச்சுக்காதீர். அது ஸ்தாபனம். அதுக்குன்னு ஒரு தர்மம் இருக்கு. தனிப்பட்ட முறையில சொல்றேன், உம்ம பழைய அத்தியாயத்தை நானும் வரவழைச்சுப் படிச்சேன். எத்தனை தடவைன்னு கேக்காதீர். இத்தனை புஸ்தகத்துக்குச் சுபம் பண்ணியிருக்கேனே, அதுல ஒண்ணாவது ஞாபகம் இருக்கா? கிடையாது. இந்தப் பொண்ணு மட்டும் கூடவே வரா. ஸ்நானம் பண்றச்சே வரா, ஜபம் பண்றச்சே வரா. என்னமோ எனக்குப் பிறந்த பொண்ணு மாதிரி ஆயிட்டா ஐயா."

பொய் சொல்லக் கூடாது, அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அங்கவஸ்திரத்தில் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு எனக்குத் தெரிஞ்சாகணும். வேலைக்குக் கிளம்பிப் போறாளே, அப்புறம் அவளுக்கு என்ன ஆச்சு?"

வேம்பு பஸ் வருகிற திசையைப் பார்த்தான்.

"அந்த வேலை போயிடுத்து, மாமா" என்றாள் ஜெயலக்ஷ்மி.

ராவ் பகதூர் அவள் பக்கம் திரும்பினார். முகம் அப்படியே வாடிவிட்டது. "ஐயையோ! அந்த ஒண்ணுதானேம்மா அவளுக்கு இருந்தது! அதையும் போக்கடிச்சானா? எந்தப் படுபாவி ஸார் அவன்?" என்று வேம்புவின் கையைப் பிடித்து உலுக்கினார். "சொல்லும்! யாரு?"

ஜெயலக்ஷ்மி தம்பியைப் பார்த்தாள்.

"நாம ரெண்டு பேரும்தான் ஸார்" என்றான் வேம்பு.